ஓடை: ஸ்ட்ரீமிங்குக்கு உரிய தமிழ்ச் சொல்

கீழ்வீட்டுக் கணினியில் உள்ள படத்தை மாடியில் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் போன்ற விளையாட்டுக் கன்சோலில் பார்ப்பதை மொரீஷியஸ் தமிழ் வீடுகளில் ஸ்ட்ரீமிங் என்கிறோம். பிரெஞ்சில் ஃப்ளூ. இரண்டும் நீரோட்டத்தைக் குறிக்கும் சொற்களே. ஸ்ட்ரீம் பிறந்த வேரில்தான் வடமொழி ஸ்ரோதஸும் பிறந்தது. கோப்பு முழுவதும் இறங்கும்வரை காத்திராமல் இணையத்தில் ஒலி கேட்க 1995இல் ரியல் ஆடியோ என்ற மென்பொருள் வழிசெய்தது. அந்த வகைக் கேட்பைத்தான் இன்று ஸ்ட்ரீமிங் என்கிறோம்.

தமிழில் இதை நேரலை என்று எழுதுவது பிழை. நேரலை இப்போதே நடப்பதைக் காட்டுவது. தாரை அழகான சொல், ஆனால் தாரை வார்த்தால் பொருள் கைமாறிவிடும்; இங்கே கோப்பு கணினியை விட்டு நகர்வதில்லை. ஒழுக்கு என்றால் கூரைதான் நினைவுக்கு வரும். ஓடு என்ற வினையில் பிறந்த ஓடையே பொருத்தம், செயலுக்கு ஓடையாக்கம். கன்சோலில் சில நொடிக்கான பகுதி மட்டும் தங்கிக் கடக்கிறது. அதுவே பஃபர், தமிழில் இடைத்தேக்கம்.

ஓடை நின்றால் ஊற்றான கணினி, வாய்க்காலான வலையமைப்பு, மடையான கன்சோல் மூன்றில் ஒன்றைப் பார்க்க வேண்டும்.

கன்சோலில் கணினியின் பெயரே தெரியவில்லையா? விண்டோஸில் மீடியா ஸ்ட்ரீமிங்கை இயக்கி, வலையமைப்பைப் 'பொது' என்பதிலிருந்து 'தனியார்' என்று மாற்றுங்கள். பொது என்றிருந்தால் தீச்சுவர் (ஃபயர்வால்) கதவை அடைத்துவிடும். கருவிகள் ஒன்றையொன்று தேடும் அழைப்பு யுடிபி என்ற இணைய நெறிமுறையின் 1900ஆம் வாயிலில் (போர்ட்) போகிறது.

நம் வீடுகளில் அதிகம் காண்பது வேறொரு கோளாறு. மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்று இரண்டாவது ரவுட்டர் வாங்கி, கேபிளை அதன் 'வான்' (WAN, வெளி இணையத்துக்கான) துளையில் செருகிவிடுகிறார்கள். கீழே 192.168.1 என்றும் மேலே 192.168.0 என்றும் தொடங்கும் முகவரிகளோடு வலையமைப்பு இரண்டாகிறது. தேடும் அழைப்பு அந்த எல்லையைத் தாண்டாது. மாடி ரவுட்டரின் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி (வேறு கருவிக்கு அந்த எண் இருக்கக் கூடாது), கருவிகளுக்கு முகவரி வழங்கும் அதன் டிஹெச்சிபியை நிறுத்தி, கேபிளை 'லான்' (LAN, வீட்டு வலைக்கான) துளைக்கு மாற்றுங்கள். முடிந்தது.

படம் ஓடி ஓடி நின்றால் வாய்க்கால் குறுகல். 1960இல் கரோல் புயல் அடித்த பிறகு இங்கே கான்கிரீட் வீடுகள் பெருகின. புயலைத் தாங்கும் அந்தத் தளம் வைஃபையையும் தடுக்கிறது, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலையை இன்னும் கூடுதலாக. ப்ளூரே தரப் படத்துக்கு நொடிக்கு 20 முதல் 40 மெகாபிட் வேண்டும். படிக்கட்டு ஓரமாக ஒரு கேட் 5இ வகை வலையமைப்புக் கேபிள் இழுப்பதே நிலையான தீர்வு.

பெயர் தெரிகிறது, கோப்பு திறக்கவில்லை என்றால் பழுது மடையில். பிளேஸ்டேஷன் 3 எம்கேவி வகைப் படக்கோப்பைத் திறக்காது. எம்கேவி வெறும் பெட்டி; உள்ளே ஹெச்.264 முறையில் குறியேற்றிய காட்சி இருந்தால் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளின் நகல் முறையில் எம்பி4 பெட்டிக்கு மாற்றலாம். மறுபடி குறியேற்றம் செய்யாததால் தரம் குறையாது, சில நிமிடம் போதும். பிளேஸ்டேஷன் 5இல் கணினியிலுள்ள படத்தை நேரடியாக ஓட்டும் வசதியே இல்லை. பிளெக்ஸ் போன்ற செயலி வேண்டும்.

கணினியே படத்தை வேறு வடிவுக்குக் குறிமாற்றம் செய்துகொண்டு அனுப்பும்போது, முதலிலிருந்து ஓடும் படம் நடுவில் தாண்டினால் திணறும். சூத்திரங்கள் அமையும் முறைக்கு நன்னூல் சொன்ன ஆற்றொழுக்கு, அதாவது ஆறுபோல் தொடர்ந்து செல்வது, அதற்கு எளிது. தவளைபோல் இடைவிட்டுத் தாவும் தவளைப் பாய்த்து கடினம். தாண்டிக் குதிக்கும் இடம் இன்னும் ஆக்கப்படவே இல்லை.