நொண்டினால் அது வளர்ச்சி வலி இல்லை

குழந்தை ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிறது. "வளர்கிற வயசு டாக்டர், வளர்ச்சி வலிதானே?" என்கிறார்கள் பெற்றோர். வாரக்கணக்கில் முழங்காலைத் தேய்த்துவிட்டிருக்கிறார்கள். எக்ஸ்ரே எடுத்தால் கோளாறு இடுப்பில். தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைந்து எலும்பு நலிந்திருக்கிறது, பெர்தஸ் நோய். இதே கதையை இன்னொரு முறை கேட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். (இடுப்புக் கோளாறு முழங்கால் வலியாகத் தெரிவது சகஜம். முழங்கால் வலி என்று வரும் குழந்தையின் இடுப்பையும் அசைத்துப் பார்க்காமல் நாங்கள் அனுப்பக் கூடாது.)

வளர்ச்சி வலி என்று பெயர் இருந்தாலும், வளர்வதால்தான் வலிக்கிறது என்பதற்கு ஆதாரமே இல்லை. குழந்தை மிக வேகமாக வளர்வது முதல் வருடத்தில், அப்புறம் பருவ வயதில். இந்த வலியோ பெரும்பாலும் 3 முதல் 12 வயதுக்குள் வருகிறது. ஆகவே உயரம் கூடுகிறது என்பதை எந்தக் கால்வலிக்கும் காரணமாகச் சொல்லி ஆறுதல் அடையாதீர்கள். கால்வலி தரும் மூட்டழற்சியும் ரத்தப் புற்றுநோயும் உயரமாகிற பிள்ளைக்கும் வரும்.

உண்மையான வளர்ச்சி வலி இரண்டு கால்களிலும் வரும். தொடை, கெண்டைக்கால், முழங்காலின் பின்பக்கம் இங்கெல்லாம் தசையில் வலிக்கும், மூட்டில் அல்ல. மாலையிலோ இரவிலோ வரும், சில சமயம் தூக்கத்திலிருந்தே எழுப்பிவிடும். பிடித்துவிட்டால் குழந்தைக்கு இதமாக இருக்கும். காலையில் எதுவுமே நடக்காததுபோல ஓடும். அப்படியென்றால் சரி, பயம் வேண்டாம். வெதுவெதுப்பான ஒத்தடம், தசையை மெதுவாக நீட்டும் பயிற்சி போதும். மிகவும் வலித்தால் எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால். ஆஸ்பிரின் கூடவே கூடாது. நீங்களாகக் கால்சியம் டானிக் வாங்கி ஊற்றவும் வேண்டாம்.

ஒரே காலில், ஒரே இடத்தில் தொடர்ந்து வலித்தாலோ, தொட்டாலே குழந்தை அலறினாலோ காத்திருக்காதீர்கள். மூட்டு வீக்கம், காலையில் எழும்போது விறைப்பு, காய்ச்சல், எடைக்குறைவு, வெளிறிய முகம், காரணமில்லாத நீலத் திட்டுகள், இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே காட்டுங்கள். காய்ச்சலோடு காலை ஊன்றவே மறுத்தால் அன்றைக்கே, இரவானாலும்.

இன்னொன்று, தயவுசெய்து. காலையில் நொண்டிய குழந்தை எங்களிடம் வந்து சேரும்போது பல நேரம் நன்றாக நடக்கும். எழுந்ததும் நடப்பதை ஒரு வீடியோ எடுத்து வாருங்கள்.