ஸ்டெனோட்ரோபோமோனாஸ் மால்டோபிலியா: சொல் விளக்கம்

தீவிர சிகிச்சைப் பிரிவில் நெடுநாள் கிடந்த நோயாளியின் பிளட் கல்ச்சர் (இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) அறிக்கையில் எப்போதாவது தலைகாட்டும் பாக்டீரியாவின் பெயர் இது.

முதற்சொல் மூன்று கிரேக்க வேர்களால் ஆனது. ஸ்டெனோஸ் – குறுகிய; ட்ரோபோஸ் – ஊட்டுவது; மோனாஸ் – ஓரலகு. சில வகை உணவையே உண்டு வாழும் ஓரலகு உயிர் என்பது பொருள். மால்டோபிலியா என்றால் மால்ட்டின் நண்பன். ராகி மால்ட் என்கிறோமே, அதே மால்ட்தான். இக்கிருமி குளுக்கோசை விட, மால்ட்டில் உள்ள சர்க்கரையான மால்டோசிலிருந்து எளிதாக அமிலம் உண்டாக்குவதால் வந்த பெயர்.

1961இல் இதைச் சூடோமோனாஸ் என்ற பேரினத்தில் வைத்தார்கள். 1983இல் சாந்தோமோனாஸுக்கு மாற்றினார்கள். 1993இல் பல்லெரோனி, பிராட்பரி என்ற ஆய்வாளர்கள் தனிப் பேரினம் அமைத்து இன்றைய பெயரைச் சூட்டினர். உணவில் குறுகியது என்றாலும் உறைவிடத்தில் அப்படியில்லை: மண், செடியின் வேர், குழாய்நீர், கைகழுவும் தொட்டி, செயற்கைச் சுவாசக் கருவியின் குழாய் என எங்கும் குடியிருக்கும். பிளாஸ்டிக்கில் படலமாக ஒட்டிக்கொள்ளும். கழுத்துச் சிரையில் செருகிய சென்ட்ரல் லைன் என்ற குழாய் வழியே இரத்தத்துக்குள் நுழைவது இப்படித்தான்.

மருந்துகளை எதிர்க்கும் திறன் இதற்குப் பிறவியிலேயே உண்டு; ஆங்கிலத்தில் இன்ட்ரின்சிக் ரெசிஸ்டன்ஸ் எனப்படுவதை நான் 'பிறவி எதிர்ப்பு' என்றே எழுதுவேன். கடைசி ஆயுதமாக எடுக்கும் மெரோபெனம் என்ற ஆன்டிபயாட்டிக்கைக்கூட இதன் எல்1 என்ற நொதி சிதைத்துவிடும். அம்மருந்து மற்றக் கிருமிகளைக் கொன்று, இதற்கு இடத்தைக் காலி செய்து கொடுப்பதும் உண்டு. பழைய, விலை குறைந்த கோ-ட்ரைமாக்சசோல் என்ற மருந்து பெரும்பாலும் வேலை செய்வது விந்தைதான்.

தமிழில் எப்படிச் சொல்வது? உயிரியல் இருசொற்பெயரை மொழிபெயர்க்க வேண்டாம், ஒலிபெயர்ப்பே போதும். 'சிற்றுணவி' என்று ஆக்கினால் சிற்றுண்டிக் கடைதான் நினைவுக்கு வரும். தமிழ் தேவைப்படுவது நோய்நிலைக்கு. இரத்தத்தில் பாக்டீரியா இருக்கும் நிலையான பாக்டீரிமியாவைக் 'குருதி பாக்டீரியத் தொற்று' எனலாம். தொற்றுக்கு எதிராக உடலே நிலைகுலைந்து தன் உறுப்புகளைப் பழுதாக்கும் செப்சிஸ் வேறு. இரண்டையும் 'இரத்தத்தில் விஷம் கலந்தது' என்று ஒரே வரியில் அடைப்பது தவறு. நோசோகோமியல் என்பதற்கு 'மருத்துவமனைவழித் தொற்று' பொருந்தும். நோயாளி சேர்ந்து 48 மணி நேரம் கழிந்தபின் தோன்றும் தொற்றையே பொதுவாக அப்படிக் கணக்கிடுகிறார்கள்.