ஐசி எண்ணின் நடுவில் இருக்கும் எழுத்துகள்

ஒரு 74எல்எஸ்00, ஒரு 4017, பத்து எல்இடி. பட்டனை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் வெளிச்சம் ஒரு எல்இடி தள்ளிப் போக வேண்டும். பட்டன் அதிர்வில் ஒரே அழுத்தம் நாலைந்தாக எண்ணப்படாமல் பார்த்துக்கொள்வது 74எல்எஸ்00இன் வேலை, எண்ணுவது 4017இன் வேலை. இணைப்பில் தப்பில்லை, 5 வோல்ட் சரியாக வருகிறது. ஆனாலும் சில அழுத்தங்களை 4017 கண்டுகொள்வதே இல்லை. இன்னொரு 4017ஐ மாட்டினால் ஒழுங்காக ஓடுகிறது. சரி, முதல் ஐசி பழுது என்று தூக்கிப் போட்டுவிடுவோம். பெரும்பாலும் அது நல்ல ஐசிதான்.

இரண்டும் வெவ்வேறு குடும்பம். 7400 வரிசை, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1960களில் கொண்டுவந்த டிடிஎல் (டிரான்சிஸ்டர்-டிரான்சிஸ்டர் லாஜிக்) வகை. எண்ணின் நடுவில் ‘எல்எஸ்’ என்று இருந்தால், அது அந்த வகையின் மின்சாரம் குறைவாகத் தின்னும் வாரிசு. 4000 வரிசை, ஆர்சிஏ 1968இல் வெளியிட்ட சிமாஸ் வகை. இரண்டுக்கும் 5 வோல்ட் கொடுக்கலாம். இந்த ஐசிகளுக்கு உயர்ந்த வோல்ட் ‘1’, தாழ்ந்த வோல்ட் ‘0’. ஆனால் எத்தனை வோல்ட் இருந்தால் அது ‘1’ என்பதில் இரண்டுக்கும் ஒத்துப்போகாது.

எல்எஸ் உள்ளீட்டுக்கு 2 வோல்ட்டுக்கு மேல் வந்தால் போதும், ‘1’ என்று எடுத்துக்கொள்ளும். தன் வெளியீட்டில் அது முழு 5 வோல்ட்டைத் தருவதும் இல்லை. மேலே இழுக்கும் டிரான்சிஸ்டர் ஜோடியிலேயே இரண்டு தடவை ஏறக்குறைய 0.7 வோல்ட் போய்விடும். மிச்சம் சுமார் மூன்றரை. டேட்டாஷீட் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) உறுதி சொல்வது அதைவிடக் குறைவு, 2.7 வோல்ட்தான். தன் குடும்பத்துக்குள் இது தாராளம்.

4017 கேட்பதோ 3.5 வோல்ட். சிமாஸில் மேலே ஒரு டிரான்சிஸ்டர், கீழே ஒன்று. சப்ளை மின்னழுத்தத்தின் பாதியை ஒட்டி எங்கேயோ அது மனம் மாறும். எங்கே என்பது ஐசிக்கு ஐசி மாறும். 2.5இல் மாறும் 4017 கிடைத்தவருக்குச் சுற்று ஓடும், 3.4இல் மாறுவது கிடைத்தவருக்குத் தடுமாறும். இரண்டுமே டேட்டாஷீட்டுக்கு உட்பட்ட நல்ல சரக்குதான். ‘என் மேசையில் ஓடுகிறதே’ என்ற வாதத்தில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்குக் காரணம் இதுதான்.

சரிசெய்ய ஒரே ஒரு ரெசிஸ்டர் போதும். எல்எஸ் வெளியீட்டிலிருந்து 5 வோல்ட்டுக்கு 2.2 கிலோஓம் போட்டால், மூன்றரையில் நின்றுவிடும் வெளியீட்டை அது மெல்ல 5 வரை தூக்கிவிடும். ‘0’ நிலையில் அதன் வழியே வரும் மின்னோட்டம் 2.3 மில்லியாம்ப், எல்எஸ் 8 வரை தாங்கும். அல்லது 4017க்குப் பதில் 74ஹெச்சிடி4017 வாங்கலாம். ‘ஹெச்சிடி’யின் கடைசியில் உள்ள ‘டி’ டிடிஎல்லைக் குறிக்கிறது: உள்ளே சிமாஸ், ஆனால் 2 வோல்ட்டையே ‘1’ என்று ஏற்றுக்கொள்ளும். ‘டி’ இல்லாத வெறும் ஹெச்சி அப்படி இல்லை. அதற்கும் 5 வோல்ட்டில் மூன்றரை வேண்டும்.

எதிர்த்திசையில், அதாவது 4000 ஐசி எல்எஸ்ஸை ஓட்டும்போது, தொல்லை வேறு. 4000 ஐசியின் வெளியீடு முழு 5 வோல்ட்டுக்கு ஏறும், ஆனால் தெம்பு குறைவு. எல்எஸ் உள்ளீட்டை ‘0’வில் வைத்திருக்க, அதிலிருந்து வெளியே வரும் 0.4 மில்லியாம்ப்பை யாராவது விழுங்கியாக வேண்டும். 5 வோல்ட்டில் 4000 வரிசையின் சாதாரண ஐசியான 4011 உறுதியாக விழுங்குவது அரை மில்லியாம்ப். ஒரு எல்எஸ் உள்ளீடு சரி, இரண்டு கூடாது. எல்எஸ் இல்லாத பழைய 7400க்கு 1.6 மில்லியாம்ப் வேண்டும், அதனால் அதை ஓட்டவே முடியாது. 4000 ஐசிகளை 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டிக்கொண்டு அதன் வெளியீட்டை நேராக எல்எஸ்ஸில் கொடுத்தால் எல்எஸ் செத்துப்போகலாம். நடுவே 5 வோல்ட்டில் ஓடும் ஒரு 4050 வையுங்கள். தன் சப்ளையைவிட அதிக வோல்ட்டை உள்ளே வாங்கிக்கொள்வதற்கென்றே வடிவமைத்த ஐசி அது.

இன்னொரு வழியும் தோன்றும்: 74எல்எஸ்00ஐப் பிடுங்கிவிட்டு, அதே கால் வரிசை கொண்ட 74ஹெச்சி00ஐச் செருகுவது. நல்ல யோசனை. வெளியீடு முழுசாக 5 வரை ஏறும், 4017க்குக் குறையே இருக்காது. (பெட்டியில் இருக்கும் 4011ஐச் செருகிவிடாதீர்கள். அதிலும் 7400 போலவே நாண்ட் கேட் என்ற சிறு லாஜிக் சுற்று நாலுதான், ஆனால் 7400இல் உள்ளீடாக இருக்கும் நாலாம் கால் அதில் வெளியீடு.)

ஆனால் மாற்றுவதற்கு முன் பட்டன் பக்கம் பாருங்கள். எல்எஸ்ஸில் ஒன்றும் கொடுக்காமல் விட்ட உள்ளீடு தானாகவே ‘1’ போல நடந்துகொள்ளும். அதனால் பட்டன் வந்து சேரும் இரண்டு உள்ளீட்டுக் கால்களுக்கும் புல்-அப் ரெசிஸ்டர் (உள்ளீட்டை 5 வோல்ட்டுக்கு இழுத்து வைப்பது) போடாமலேயே பலர் ஓட்டிவிடுவார்கள். ஹெச்சி உள்ளீடு ஏறக்குறைய மின்னோட்டமே எடுக்காது. அந்தரத்தில் விட்டால் காற்றில் வரும் இரைச்சலையெல்லாம் பிடிக்கும். ஆளுக்கொரு 10 கிலோஓம் போட்டு 5 வோல்ட்டில் கட்டிவிட்டு, பயன்படுத்தாத மற்ற இரண்டு கேட்களின் உள்ளீடுகளைத் தரையில் இணையுங்கள். இல்லையென்றால் பட்டனைத் தொடவே வேண்டாம், பிரெட்போர்டு பக்கம் கையைக் கொண்டுபோனாலே பத்து எல்இடியும் ஓடத் தொடங்கிவிடும்.