தண்ணீர் பின்னோக்கி ஓடும்போது

மாடியில் ஒரு வாளி நிறைய சோப்புத் தண்ணீர். ஹோஸின் முனை அதற்குள் மூழ்கிக் கிடக்கிறது, குழாயும் திறந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து யாரோ ரிப்பேருக்காக மெயின் வால்வை மூடிவிட்டு, கீழ்வீட்டுக் குழாயைத் திறக்கிறார்கள்.

பைப்பில் நிற்கும் தண்ணீர் தன் எடையாலேயே கீழே இறங்கும். மேலே அழுத்தம் குறையும். உடனே வெளிக்காற்றின் அழுத்தம் வாளித் தண்ணீரை ஹோஸ் வழியாகப் பைப்புக்குள் தள்ளிவிடும். கீழே குடிக்கப் பிடிப்பவரின் செம்பில் விழுவது அந்தச் சோப்புத் தண்ணீர்தான். பைப்புக்குள் முழு வெற்றிடம் இருந்தால் காற்றழுத்தம் தண்ணீரைச் சுமார் 10 மீட்டர் உயரத்துக்கே ஏற்றிவிடும். வாளியிலிருந்து குழாய் வரை ஏற்றுவது அதற்குப் பெரிய வேலையே இல்லை. தெருவில் பெரிய குழாய் உடைந்தாலும் இதே கதைதான்.

சோப்போடு போனால் பரவாயில்லை. 1933-இல் சிகாகோவின் இரண்டு ஹோட்டல்களில், பழுதான குழாய் அமைப்பால் கழிவுநீர் குடிநீரில் கலந்தது. அமீபா பேதி பரவி 98 பேர் இறந்தார்கள்.

இதைத் தடுக்க ஆகச் சிறந்த வழி வெறும் காற்றுதான். குழாயின் வாய்க்கும் பேசினின் விளிம்புக்கும் நடுவே இடைவெளி இருந்தால், உறிஞ்சும்போது காற்றுதான் உள்ளே போகும். அந்த இடைவெளி குழாய்வாயின் உள்விட்டத்தைப் போல இரண்டு மடங்காவது வேண்டும், 25 மில்லிமீட்டருக்குக் குறையவே கூடாது. அளக்கும்போது தண்ணீர் மட்டத்திலிருந்து அளக்காதீர்கள், தண்ணீர் வழியும் விளிம்பிலிருந்து அளங்கள். மேல்தொட்டியிலும் தண்ணீர் விழும் வாய், ஓவர்ஃப்ளோ பைப்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும்.

ஒருவழி வால்வு போட்டால் போதாதா என்று கேட்பார்கள். போடலாம், அதன் மேலுள்ள அம்புக்குறி தண்ணீர் போகும் திசையைப் பார்க்க வேண்டும். ஆனால் ஒரு சின்ன மணல் துணுக்கு சிக்கினாலும் அது முழுதாக மூடாது. காற்று இடைவெளியில் தேய்வதற்கோ அடைபடுவதற்கோ எதுவுமே இல்லை, அதனால்தான் அதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

அப்புறம், கழிவறை ஹெல்த் ஃபாசெட். அதன் ஹோஸ் நீளமாக இருந்து, தலை பீங்கானுக்குள் தொங்கினால் நிலைமை அந்த வாளியைவிட மோசம். மாட்டும் கொக்கியை உயரத்தில் வையுங்கள்.

தெருக் குழாயில் நேராக மோட்டார் மாட்டி உறிஞ்சுவதை மட்டும் செய்யவே வேண்டாம். அந்த உறிஞ்சலில் பைப்பின் அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைந்தால், மண்ணுக்கடியில் உள்ள ஒவ்வொரு கசிவும் சாக்கடை நீரை உள்ளே இழுக்கும் வாயாகிவிடும். அந்தத் தண்ணீர் பக்கத்து வீடுகளுக்கும் போகும்.