செய்தவர் எங்கே போனார்?

1975 ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை. இன்றைய ஜிம்பாப்வே அன்று ரொடீசியா. ஹராரேயின் பெயர் அன்று சாலிஸ்பரி. அங்கே ஹைஃபீல்ட் என்ற கறுப்பினக் குடியிருப்பில் கூடியிருந்த மக்கள்மீது போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. முதலில் 11 பேர் இறந்ததாகச் செய்தி வந்தது. பிறகு அது 13 ஆனது.

மறுநாள் பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் போட்ட தலைப்பைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: "சாலிஸ்பரி கலவரத்தில் போலீஸ் 11 பேரைச் சுட்டுக் கொன்றது." டைம்ஸ் நாளிதழின் தலைப்போ, "கலவரத்தில் ஈடுபட்ட கறுப்பினத்தவர் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டனர்" என்று தொடங்கியது. 'கலவரம்' என்ற சொல் இரண்டிலும் இருக்கிறது. ஆனால் முதல் தலைப்பில் எழுவாய் போலீஸ். இரண்டாவதில் எழுவாய் செத்தவர்கள், அதுவும் 'கலவரத்தில் ஈடுபட்ட' என்ற அடைமொழியோடு. கொல்லப்பட்டதற்கான காரணம் அவர்கள் பெயருக்கு முன்னாலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது.

அதற்கடுத்த நாள் டைம்ஸ் எழுதியதுதான் கூர்ந்து பார்க்க வேண்டியது. "13 ஆப்பிரிக்கர்கள் கொல்லப்பட்ட ஞாயிற்றுக்கிழமைக் கலவரத்துக்குப் பிறகு" ஆப்பிரிக்கத் தலைவர்களிடையே பிளவு தெரிகிறது என்பது செய்தி. போலீஸ் என்ற சொல்லே அந்த வாக்கியத்தில் இல்லை. சுட்டது என்ற வினையும் இல்லை. கலவரத்தில் ஆட்கள் செத்தார்கள், அவ்வளவுதான். இரண்டே நாளில் இது எப்படி நடந்தது என்று வரி வரியாகப் பிரித்துக் காட்டியவர் டோனி ட்ரூ என்ற ஆய்வாளர். 1979-ல் வெளியான அந்த ஆய்வு, பத்திரிகை மொழியை ஆராய்பவர்கள் இன்றும் எடுத்துக்காட்டும் ஒன்று.

இந்த வகை வாசிப்புக்குக் கருவி தந்தவர் மைக்கேல் ஹாலிடே. 1925-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். சிட்னி பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறையைத் தொடங்கியவர். இலக்கணத்தைச் சரி, தவறு என்று பிரிக்கும் விதிப்பட்டியலாக அவர் பார்க்கவில்லை. ஒரே நிகழ்ச்சியைப் பத்து விதமாகச் சொல்ல மொழி இடம் கொடுக்கிறது. சொல்பவர் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். அந்தத் தேர்வு ஒரு வேலையைச் செய்கிறது. அவருடைய இலக்கணத்துக்குச் செயல்பாட்டு இலக்கணம் என்று பெயர் வந்தது இதனால்தான். ஒவ்வொரு வாக்கியமும் ஒரே நேரத்தில் மூன்று வேலை செய்கிறது என்றார் அவர்: உலகில் நடப்பதைச் சித்திரிக்கிறது, பேசுபவருக்கும் கேட்பவருக்கும் ஓர் உறவை ஏற்படுத்துகிறது, சொல்வதை முன்பின்னாக அடுக்கிக் கோக்கிறது.

முதல் வேலையைப் பிடிக்க ஒரே வழி, வினைச்சொல்லைப் பிடிப்பது. அது செயலா (சுட்டார்), மனத்தின் வேலையா (பயந்தார்), சொல்லா (கூறினார்), வெறும் நிலையா (இருந்தார்)? செய்தவர் யார், பட்டவர் யார்? நமக்கு இது புதிதே அல்ல. வினை, செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, யாருக்காக, என்ன பயன் என்று ஒரு தொழிலுக்கு எட்டுப் பொருள்களைத் தொல்காப்பியம் எண்ணி வைத்திருக்கிறது. செயப்படுபொருளையே செய்ததுபோலச் சொல்வதும் வழக்கில் உண்டு என்று இன்னொரு நூற்பா சொல்கிறது. உரைகாரர்கள் அதற்குக் காட்டும் உதாரணம் "திண்ணை மெழுகிற்று". திண்ணை தானாக மெழுகிக்கொள்ளுமா? மெழுகிய கை வாக்கியத்தில் இல்லை. டைம்ஸ் கதையின் சாரம் இந்த இரண்டு சொல்லுக்குள் இருக்கிறது என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பு.

இரண்டாவது வேலைக்கு, அதாவது உறவுக்கு, தமிழில் ஆங்கிலத்துக்கு இல்லாத ஒரு வசதி உண்டு: நாம், நாங்கள். "நாங்கள் விலையை உயர்த்துகிறோம்" என்று யாரும் மேடையில் சொல்வதில்லை. "நாம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்" என்பார்கள். ஒரே சொல்லில் கேட்பவரும் முடிவெடுத்தவராகிவிடுகிறார். சொல்வினைகளையும் கவனியுங்கள். ஒருவர் 'கூறினார்' என்றால் செய்தியாளர் விலகி நிற்கிறார். 'ஒப்புக்கொண்டார்' என்றால் குற்றம் நடந்தது என்று முடிவே ஆகிவிட்டது.

அதற்காகச் செயப்பாட்டுவினையைக் கண்டதுமே சந்தேகப்பட வேண்டாம். "பாம்பன் பாலம் 1914-ல் திறக்கப்பட்டது" என்பதில் யாரும் எதையும் மறைக்கவில்லை. வினையைப் பெயராக்கி 'ஒளிச்சேர்க்கை' என்று சொல்லாமல் தாவரவியல் பாடம் நடத்த முடியாது. செய்தவர் யார் என்பது அந்த இடத்தில் முக்கியமா என்று கேட்டுப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

போன மாதம் எங்கள் தெருமுனையில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். "பராமரிப்புப் பணிகள் காரணமாகக் குடிநீர் விநியோகம் நிறுத்தப்படும். பொதுமக்கள் ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." தொல்காப்பியத்தின் எட்டை வைத்துச் சோதித்தேன். நிறுத்துவது யார்? இல்லை. கேட்டுக்கொள்வது யார்? இல்லை. காலம்? அதுவும் இல்லை. இரண்டு வாக்கியத்திலும் ஏதாவது செய்ய வேண்டியவர்களாக இருந்தவர்கள் பொதுமக்கள் மட்டுமே. அவர்கள் செய்ய வேண்டியது ஒத்துழைப்பு. சரி, இதைச் செய்வினையில் எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால், எழுவாய் கிடைக்காமல் பேனா நின்றுவிட்டது. கீழே இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் மூச்சு விடாமல் சொன்னார்: "காலையிலதான் வால்வை மூடினோம் சார், சாயங்காலம் அஞ்சு மணிக்கு நாங்களே வந்து திறந்து விட்டுடுவோம்."