தரையில் அடித்தால் எதிரி ஏன் விழுகிறார்?

பருத்த உடம்புக்காரர் ஒருவர் இரண்டு கைகளையும் கோத்துத் தலைக்கு மேல் தூக்கி, ஓங்கித் தரையில் அடிக்கிறார். கை எதிரியின் மேல் படவே இல்லை. ஆனாலும் பத்தடி தள்ளி நின்றவர் மல்லாந்து விழுகிறார். சண்டை விளையாட்டுகளில் இது பழகிப்போன காட்சி. 1993இல் வந்த மோர்ட்டல் காம்பாட் 2இல் ஜாக்ஸ் இப்படித்தான் தரையைக் குத்துவார். சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸில் டாங்கி காங் உள்ளங்கைகளால் தரையை அறைவார். கில்டி கியர் தொடரின் பொட்டெம்கின் உடம்போடு தரையில் விழுந்து நிலத்தையே குலுக்குவார். மூன்றிலிருந்தும் தப்பப் பொதுவான வழி, சரியான நேரத்தில் குதிப்பது.

அந்தச் 'சரியான நேரம்' எப்படித் தீர்மானமாகிறது என்பதில்தான் இந்த அடியின் நுட்பமெல்லாம் இருக்கிறது.

இந்த விளையாட்டுகள் பெரும்பாலும் நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 தனித்தனிப் படங்கள், ஓடுபவை. ஒரு ஃபிரேம் ஏறக்குறைய 16.7 மில்லிநொடி. ஒவ்வொரு ஃபிரேமிலும் கணினி பொத்தான்களைப் படித்து, இருவரையும் கொஞ்சம் நகர்த்தி, பெட்டிகள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்று பார்க்கிறது. அடிப்பவரின் கண்ணுக்குத் தெரியாத பெட்டி ஹிட்பாக்ஸ், அடி வாங்குபவரின் உடம்பை மூடியிருப்பது ஹர்ட்பாக்ஸ். சாதாரணக் குத்தில் ஹிட்பாக்ஸ் கைமுட்டியோடு ஒட்டியிருக்கும். தரையடியிலோ அது முட்டியை விட்டுவிட்டு, கணுக்கால் உயரத்தில் நீளமான பாய்போலத் தரையில் விரிந்து கிடக்கும். திரையில் பறக்கும் தூசியும் வெடிப்பும் வெறும் படம். எதிரியை வீழ்த்துவது அந்தப் பாய்தான்.

ஒரு மாதிரி அடியை எடுத்துக்கொள்வோம். முதல் 23 ஃபிரேம் ஸ்டார்ட்அப், அதாவது கை ஏறி இறங்கும் நேரம். 24 முதல் 26 வரை ஆக்டிவ், பாய் விரிந்திருக்கும் நேரம். 27 முதல் 56 வரை ரிகவரி, குனிந்த உடம்பு நிமிரும் நேரம். அடிகளின் ஃபிரேம் எண்களைத் தரும் சில அட்டவணைகளில் இதே அடிக்கு ஸ்டார்ட்அப் 24 என்று போட்டிருப்பார்கள். அடி படும் முதல் ஃபிரேமையும் சேர்த்து எண்ணும் வழக்கம் அது. இதைக் கவனிக்காமல் இரண்டு அட்டவணைகளை ஒப்பிட்டால் கணக்கில் ஒரு ஃபிரேம் தவறிவிடும்.

இனி எதிரியின் பக்கம். கண்ணால் கண்டு விரலை அசைக்கச் சராசரியாக 250 மில்லிநொடி ஆகும் என்று வைத்தால், 15 ஃபிரேம். திரையும் கன்ட்ரோலரும் சேர்ந்து 4 ஃபிரேம் தாமதிக்கும். இதோடு 19 போயிற்று. குதி என்று சொன்ன உடனே யாரும் காற்றில் ஏறிவிடுவதில்லை. முழங்கால் மடங்கும் 4 ஃபிரேம் உண்டு. அது 20 முதல் 23 வரை. 24ஆவது ஃபிரேமில் பாய் விரியும்போது கால் தரையை விட்டிருக்கிறது. மயிரிழையில் தப்பித்தாயிற்று.

இதே அடியின் ஸ்டார்ட்அப்பை 4 ஃபிரேம் குறைத்துப் பாருங்கள். படத்தில் வித்தியாசமே தெரியாது. ஆனால் பார்த்துத் தப்பிக்கலாம் என்றிருந்த அடி, முன்கூட்டியே ஊகித்தால்தான் தப்பலாம் என்று மாறிவிடும். இணையவழி ஆட்டத்தில் கூடும் 3 ஃபிரேம் தாமதமும் இதையே செய்துவிடும். வீட்டில் தப்பிக்க முடிந்த அடியில் இணையத்தில் மாட்டிக்கொள்கிறோம் என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் காரணம் இந்த எண்கள்தான், விரலின் குறை அல்ல. அதோடு, 250 மில்லிநொடி என்பது இந்த அடி ஒன்றுக்காகவே காத்திருப்பவருக்கு. ஓடிவந்து பிடிப்பாரா, குதிப்பாரா, தரையில் அடிப்பாரா என்று மூன்றையும் எதிர்பார்த்து நிற்பவருக்கு இன்னும் கூடுதலாகும்.

முழங்கால் மடங்கும் அந்த 4 ஃபிரேமில் எதிரி தரையில் இருக்கிறாரா, காற்றில் இருக்கிறாரா? விளையாட்டை எழுதுபவர்தான் முடிவு செய்ய வேண்டும். இதற்கு இரண்டு வழி. பாயின் உயரத்தை மட்டும் பார்த்தால், மேலே ஏறத் தொடங்கிவிட்டவரின் பாதம் இன்னும் கணுக்கால் உயரத்துக்குள் இருப்பதால் அடி பட்டுவிடும். குதித்துவிட்டேன், படம்கூடக் காற்றில்தான் இருக்கிறது, பிறகு ஏன் விழுந்தேன் என்று ஆடுபவர் கேட்பார். இன்னொரு வழியில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் 'தரையில்' அல்லது 'காற்றில்' என்று ஒரு குறி இருக்கும். குறி 'தரையில்' என்றிருந்தால் மட்டுமே அடி படும். தரையடிக்கு இரண்டாவதே நல்லது. நிலம் குலுங்குகிறது என்ற கற்பனைக்கும் அதுதான் பொருந்தும்.

ஆக்டிவ் 3 ஃபிரேம் என்பதிலும் ஒரு பொறி உண்டு. ஒவ்வொரு ஃபிரேமிலும் மோதலைச் சோதிப்பதால், யாரை ஏற்கெனவே அடித்தாயிற்று என்று குறித்துவைக்காவிட்டால் ஒரே குத்து மூன்று முறை உயிரைக் குறைக்கும்.

உண்மையில் தரை இப்படி நடந்துகொள்ளுமா? 150 கிலோ உடம்பு ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் ஏறத்தாழ 2200 ஜூல் ஆற்றல். அதில் பெரும்பகுதி மோதும் இடத்தை நசுக்குவதிலும் வெப்பத்திலும் தீர்ந்துவிடும். பக்கத்தில் நிற்பவருக்குப் பாதத்தில் ஓர் அதிர்வு தெரியலாம், விழமாட்டார். வேகத்தில்தான் ஆச்சரியம். இளகிய மண்ணில் இந்த அதிர்வு நொடிக்கு 100 முதல் 200 மீட்டர் வரை போகும். 150 என்று வைத்தால் 6 மீட்டர் தூரத்தைக் கடக்க 2.4 ஃபிரேம் போதும். ஆக, திரை முழுவதையும் ஒரே கணத்தில் குலுக்கும் அடியே இயற்கைக்கு நெருக்கமானது. தரையில் வெடிப்பு மெதுவாக ஊர்ந்து வந்து காலைத் தட்டும் காட்சிதான் முழுக் கற்பனை. கண்ணுக்குத் தெரியவும் குதிக்க நேரம் கிடைக்கவும் வேண்டி அதை நத்தை வேகத்துக்கு இறக்கியிருக்கிறார்கள்.

கனமும் அப்படி உண்டாக்கப்படுவதுதான். திரையில் இருக்கும் உருவத்துக்கு எடை கிடையாது. அது எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்பதைக் கண்டு நாம்தான் எடையை ஊகிக்கிறோம். நம் மாதிரி அடியில் கை ஏற 14 ஃபிரேம், உச்சியில் நிற்க 5, இறங்க 4. இரண்டரை மீட்டரை 4 ஃபிரேமில் கடந்தால் சராசரி வேகம் மணிக்கு 135 கிலோமீட்டர். புவியீர்ப்பில் தானாக விழ விட்டால் 43 ஃபிரேம் ஆகும். பத்து மடங்குக்கு மேல் வேகமான இந்த வீழ்ச்சியைக் கண் ஒப்புக்கொள்வதற்குக் காரணம், அதற்கு முன் வந்த மெதுவான ஏற்றமும் அந்த 5 ஃபிரேம் நிறுத்தமும். நிறுத்தத்தை எடுத்துவிட்டால் அதே உடம்பு அட்டைப்பெட்டிபோல் தெரியும்.

அடி பட்டதும் ஹிட்ஸ்டாப் என்று சில ஃபிரேம்கள் உருவங்கள் உறைந்து நிற்கும். பலமான அடிக்குப் பத்துக்கு மேலும் போகும். அப்போது திரை குலுங்க வேண்டும். தரையடிக்கு மேலும் கீழும் மட்டும் குலுக்கினால் போதும், பக்கவாட்டில் ஆட்டினால் சுவரில் மோதியதுபோல் ஆகிவிடும். முதல் ஃபிரேமில் 12 பிக்சல் கீழே, அடுத்து அதில் எண்பது சதவீதம் மேலே, மறுபடி அதில் எண்பது சதவீதம் கீழே என்று குறைத்துக்கொண்டே போனால் பன்னிரண்டு ஃபிரேமில் ஒரு பிக்சல் அளவுக்கு அடங்கிவிடும். இந்தக் குலுக்கல் கேமராவுக்கு மட்டும் உரியதாக இருப்பது முக்கியம். ரோல்பேக் முறையில் ஓடும் இணைய ஆட்டத்தில் கணினி எதிராளியின் பொத்தானை ஊகித்து ஆடிவிட்டு, ஊகம் தப்பினால் சில ஃபிரேம் பின்னால் போய் மறுபடி கணக்கிடும். குலுக்கலின் அளவுக்குத் தற்செயல் எண்ணைப் பயன்படுத்தி, அதை ஆட்டத்தின் கணக்கோடு கலந்துவிட்டால், இரு கணினிகளிலும் ஆட்டம் வெவ்வேறாகப் பிரிந்துபோகும்.

குதித்துத் தப்பியவர் திருப்பி அடிக்க முடியுமா? 24ஆவது ஃபிரேமில் எழும்பியவர் காற்றில் 40 ஃபிரேம் இருந்தால் தரை தொடுவது 64இல். அடித்தவரோ 57இல் நிமிர்ந்து பிளாக் செய்ய, அதாவது வரும் அடியைத் தடுக்க, தயார். ஆகவே நின்ற இடத்தில் குதித்தால் பயனில்லை. முன்னோக்கிக் குதித்து, இறங்கும்போதே உதைக்க வேண்டும். உச்சி 44இல், தலை உயரத்துக்குக் கால் இறங்குவது ஏறக்குறைய 52இல். அடித்தவர் நிமிர்ந்து நின்றிருந்தால் உதை பட்டிருக்கும். ஆனால் தரையை அடித்தவர் அப்போதும் குனிந்தே கிடக்கிறார், அவருடைய ஹர்ட்பாக்ஸும் இடுப்பளவுக்குத் தாழ்ந்திருக்கிறது. அந்த உயரத்துக்குக் கால் இறங்க இன்னும் ஐந்தாறு ஃபிரேம் ஆகும். அதற்குள் அவர் பிளாக் செய்துவிடுவார். ரிகவரியின் பின்பாதியில் ஹர்ட்பாக்ஸைத் தலைவரை உயர்த்திவிட்டால் உதை படும். அடியின் மற்ற எண்கள் எதையும் தொட வேண்டியதில்லை.