இதயம் நின்றால் என்ன செய்யலாம்: பெரியவரிடமே கேட்டு எழுதி வைக்கும் வழி

சேலத்தில் ஏதாவது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஐசியூ வாசலில் அரை நாள் உட்கார்ந்து பாருங்கள். டாக்டர் வெளியே வந்து மகனை ஓரமாகக் கூப்பிடுவார். "அப்பாவுக்கு ஹார்ட் நின்னா சிபிஆர் பண்ணலாமா? வென்டிலேட்டர் போடலாமா?" என்பார். நின்ற இதயத்தை மீட்க நெஞ்சை அழுத்துவது சிபிஆர், மூச்சு விட வைக்கும் இயந்திரம் வென்டிலேட்டர். மகன் அக்காவுக்கு போன் போடுவார், அக்கா பெங்களூரில் இருக்கும் தம்பிக்குப் போடுவார். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. பெற்ற அப்பனையே விட்டுவிட்டார்கள் என்று ஊர் பேசுமே என்ற பயம். உள்ளே படுத்திருப்பவரிடம் போன மாதம் கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார்.

அப்படிக் கேட்டு, பதிலை எழுதி வைக்கச் சட்டத்தில் இடம் உண்டு. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ஏற்றது. மானத்தோடு சாவதும் அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்றது. அப்போது வகுத்த நடைமுறை நடைமுறைக்கே ஒத்துவராத அளவுக்குச் சிக்கலாக இருந்தது. மாஜிஸ்ட்ரேட் முன்னால் போய்க் கையெழுத்திட வேண்டியிருந்தது. 2023 ஜனவரி 24 அன்று அதை எளிதாக்கினார்கள். இப்படி எழுதி வைக்கும் காகிதத்தை 'லிவிங் வில்' என்கிறார்கள். உயில் என்றதும் வீட்டில் சொத்துப் பேச்சு கிளம்பிவிடும். நிலம், நகை எதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முன்கூட்டிய மருத்துவ விருப்பம் என்று சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

காகிதத்துக்கு முன்னால் பேச்சு. சிபிஆர் என்றால் என்னவென்று பெரியவருக்குத் தெரியாமல் வேண்டும், வேண்டாம் என்று கேட்பதில் அர்த்தமில்லை. சினிமாவில் இரண்டு அழுத்து அழுத்தினால் கண் விழித்துவிடுவார்கள். நிஜத்தில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, நெஞ்சு ஐந்து சென்டிமீட்டராவது அமுங்கும்படி அழுத்த வேண்டும். வயதானவர்களுக்கு விலா எலும்பு முறிவது சகஜம். பிழைத்தால் பெரும்பாலும் அடுத்தது வென்டிலேட்டர்தான். அமெரிக்காவில் 65 வயது தாண்டியவர்களுக்கு ஆஸ்பத்திரிக்குள்ளேயே சிபிஆர் செய்ததை ஆராய்ந்தபோது, ஐந்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே உயிரோடு வீடு திரும்பினார்கள். அதற்காக சிபிஆர் வீண் என்று சொல்ல வரவில்லை. நன்றாக நடமாடிக்கொண்டிருப்பவருக்குத் திடீரென மாரடைப்பு வந்து இதயம் நின்றால் அது உயிரைக் காக்கலாம். முற்றிய புற்றுநோயிலோ, உறுப்புகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துவரும்போதோ நிலைமை வேறு.

நல்ல டாக்டர் எடுத்ததும் சிபிஆரைப் பற்றிக் கேட்க மாட்டார். "உங்களுக்கு என்ன நோயின்னு தெரிஞ்சுக்க விருப்பமா பாட்டி, இல்ல மகன்கிட்ட மட்டும் சொன்னா போதுமா?" என்று ஆரம்பிப்பார். "எதுக்கு ரொம்பப் பயப்படுறீங்க?" என்பார். "படுக்கையில கெடந்து பிள்ளைகளுக்குப் பாரமாயிடக் கூடாதுங்க" என்று ஒருவர் சொல்வார். "பேத்தி கல்யாணத்தைப் பாத்துட்டுப் போயிடணும்" என்று இன்னொருவர். இந்த இரண்டு பதிலுக்கும் வேறு வேறு சிகிச்சை. பெரியவர் எதிரில் இருக்கும்போதே அவரை விட்டுவிட்டு மகனிடம் மட்டும் பேசுவது நம்மூர் வழக்கம். மரியாதை என்று நினைத்துச் செய்கிறோம், எனக்கு அது சரியாகப் படவில்லை. டாக்டருக்கு அவசரம் என்றால், "அம்மாகிட்ட பத்து நிமிஷம் உக்காந்து பேசுங்க சார்" என்று நாமே கேட்கலாம்.

ஐசிஎம்ஆர் எனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020இல் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. இதயம் நின்றால் மீட்க முயல வேண்டாம் என்ற முடிவை நோயாளியுடனும் குடும்பத்துடனும் பேசி எழுத்தில் பதிய வேண்டும் என்கிறது. அந்த முடிவு சிபிஆருக்கு மட்டும்தான். வலி மருந்து, ஆன்டிபயாட்டிக், ஆக்சிஜன் எல்லாம் தொடரும். 'வேண்டாம் என்று எழுதினால் அப்படியே போட்டுவிடுவார்கள்' என்ற பயத்தை இங்கேயே பேசித் தீர்த்துவிட வேண்டும்.

சரி, காகிதம். 18 வயது முடிந்து, தெளிந்த மனதோடு இருப்பவர் தானாக முன்வந்து எழுத வேண்டும். எந்த நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பது குழப்பமில்லாமல் இருக்க வேண்டும். தன்னால் பேச முடியாதபோது தன் சார்பில் முடிவெடுப்பவர் பெயரையும் குறிக்க வேண்டும். ஒருவருக்கு மேலும் குறிக்கலாம். இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்க வேண்டும். ஒரு நகல் முடிவெடுக்கப் பெயர் குறிக்கப்பட்டவரிடம், ஒன்று குடும்ப டாக்டரிடம், ஒன்று உள்ளாட்சி அமைப்பின் அதிகாரியிடம். சேலம் நகரத்துக்காரருக்கு மாநகராட்சி, ஏற்காட்டு மலைக் கிராமத்துக்காரருக்கு ஊராட்சி. கொடுத்ததற்கு ஒப்புகை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எழுதியதும் அமலுக்கு வந்துவிடாது. மீள வழியில்லாத நோய் முற்றி, தன் முடிவைத் தானே சொல்ல முடியாத நிலை வந்த பிறகுதான் அதைப் பார்ப்பார்கள். சிகிச்சை தரும் டாக்டரும், ஐந்தாண்டு அனுபவமுள்ள குறைந்தது இரண்டு நிபுணர்களும் சேர்ந்த முதல் குழு, கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்லும். அப்புறம் இரண்டாவது குழு. அதில் மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் ஒருவர் இருப்பார். இரண்டும் ஒத்துக்கொண்டால், மாஜிஸ்ட்ரேட்டுக்குத் தகவல் சொல்லிவிட்டு சிகிச்சையை நிறுத்தலாம். குழு மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம். எதுவும் எழுதி வைக்காதவருக்கும், குடும்பத்தின் எழுத்துச் சம்மதத்தோடு இதே வழி உண்டு. ஊசி போட்டு உயிரை எடுப்பது மட்டும் எப்போதும் குற்றம்தான்.

மலையில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ராத்திரி 108ஐக் கூப்பிட்டால் வருபவர்கள் உயிரைக் காப்பாற்றத்தான் பார்ப்பார்கள், பீரோவில் இருக்கும் காகிதத்தைத் தேட மாட்டார்கள். கடைசி நாட்கள் வீட்டில்தான் என்று முடிவானால், மூச்சுத் திணறினால் என்ன மருந்து, யாருக்கு போன் என்பதை டாக்டரிடம் முன்னமே எழுதி வாங்கி வையுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி தணிக்கும் சேவையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். இல்லாவிட்டால், கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டு வெளியே கூட்டிக்கொண்டு, மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையைக் கையால் அமுக்கிக்கொண்டே ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறுவதில்தான் போய் முடிகிறது.

மனது மாறினால் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஆனால் வாய்ச் சொல் போதாது, ரத்தையும் எழுத்தில்தான் தர வேண்டும். இரண்டு காகிதம் இருந்தால் கடைசியாகக் கையெழுத்திட்டதே செல்லும். அதனால் பழைய நகல் வைத்திருப்பவர்கள் எல்லோரிடமும் புதியதைக் கொடுத்துவிடுங்கள்.